பாலுண்ணியும் கருந்திட்டும்

கன்றுகளின் முகத்திலும் கழுத்திலும் தோன்றும் பாலுண்ணி ஒருவகை வைரஸினால் உண்டாவது. ஒரே கயிற்றைப் பலவற்றிற்கும் பூட்டுவதால் அது மற்றக் கன்றுகளுக்கும் தொற்றும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். வைரஸினால் புற்றும் உண்டாகலாம் என்பதை 1911-ல் பெய்ட்டன் ரௌஸ் என்பார் கோழிகளிடத்துக் காட்டினார். மனிதர் தோலில் அரிதாய் வரும் மெர்க்கல் செல் புற்றிலும் ஒரு வைரஸ் இருப்பது 2008-ல் கண்டறியப்பட்டது.

ஆயின், மெலனோமா என்னும் கருமைப் புற்றுக்கு எந்த வைரஸும் காரணமென்று இதுவரை நிறுவப்படவில்லை. அது தொற்றுவியாதியன்று, ஆகவே நோயாளியை ஒதுக்கி வைத்தல் தகாது. வெண்ணிறத்தாருக்கு வெயிலே அதற்கு முக்கிய காரணம். இந்நாட்டாருக்கோ வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் அது பலகால் காணப்படுகிறது.

அருப்புக்கோட்டை, சாத்தூர்க் கரிசலில் வெறுங்காலுடன் உழைப்போர் இத்திட்டை முள் தைத்த தழும்பு என்றும், சிவகாசிப் பட்டாசுச் சாலைகளில் வேலை செய்வோர் மருந்துக் கறை என்றும் கருதக்கூடும். கறை சில நாட்களில் தேயும், திட்டு தேயாது. அது பரவினாலும், ஓரம் கோணினாலும், நிறம் மாறினாலும், உதிரம் கசிந்தாலும், பாலுண்ணிக்குச் செய்வதுபோல் சுண்ணாம்பும் காரமும் வைத்துச் சுடலாகாது, அறுக்கவும் கூடாது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடனே காட்டவேண்டும். தொடக்கத்திலேயே அகற்றினால் பெரும்பாலும் குணமாகும். தொடையிடுக்கில் நெறி கட்டிய பின் சிகிச்சை கடினம். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.