காலம் தரும் நோய்

நுழையும்முன்

சில நோய்கள் எதிர்பாராத வேளையில் தாக்குகின்றன; சில, பல்லாண்டுகள் மறைந்திருந்து வளர்கின்றன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது தரும் கால இடைவெளியைப் பயன்படுத்தும் அறிவே உயிரைக் காக்கும் அறிவாகும்.

தங்கையின் இழப்பும் தமக்கையின் உறுதியும்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளமையிலேயே இறந்தார். தொடக்கத்தில் அந்நோய் சீதபேதி எனப் பிழையாகக் கருதப்பட்டது. அத்துயரம் தமக்கையின் உள்ளத்தில் உறுதியாக மாறியது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் அவர் போராடினார். அதன் பயனாக 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தோன்றியது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

நோய் வளரும் விதம்

பெருங்குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. அவற்றுள் சிலவே புற்றாக மாறும். அதற்கும் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவில் ஆகும். 1969ஆம் ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய மருத்துவர்கள் பெருங்குடல் உள்நோக்கியின் வழியே கம்பி வளையத்தைச் செலுத்திப் பாலிப்பை அகற்றினர். வயிற்றைக் கிழிக்காமலே புற்றின் வித்தைக் களையும் வழி பிறந்தது.

மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத குருதியைக் கண்டறியும் எளிய சோதனையும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் இச்சோதனைக்கு உட்பட்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மருத்துவத்தின் வளர்ச்சி

அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் இந்நோய்க்குரிய முதன்மைச் சிகிச்சைகள். 2022இல் வெளியான ஆய்வொன்றில், குறிப்பிட்ட மரபணுக் குறைபாட்டால் மலக்குடல் புற்று உண்டான 12 பேருக்கு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து மட்டும் தரப்பட்டது. அனைவருக்கும் கட்டி மறைந்தது. இம்மருந்து எல்லார்க்கும் பொருந்தாது எனினும், ஆய்வு செல்லும் திசையை இது காட்டுகிறது.

கூச்சம் என்னும் தடை

திருப்பூர் மாவட்டத்து மூலனூர் முருங்கைக்குப் பெயர்பெற்ற ஊர். கீரையும் கம்பும் சோளமும் கொள்ளும் நார்ச்சத்து மிக்கவை, குடல்நலம் பேணுபவை. ஆயினும், நல்லுணவு உண்போர்க்கும் இந்நோய் வரலாம். மலத்தில் குருதி கண்டால் ‘மூலம்’ என்று தாமே முடிவுசெய்து கைமருந்தோடு நின்றுவிடுவோர் பலர். பனியன் தொழிற்கூடத்தில் ஒருநாள் கூலி போய்விடுமே என்று மருத்துவமனைக்குச் செல்லாதோரும் உளர். சொல்லக் கூசி வலியை மறைக்கும் தாய்மாரும் உளர். வாரக்கணக்கில் தொடரும் மலப்போக்கு மாற்றம், குருதிச்சோகை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றையும் புறக்கணித்தல் கூடாது. இவையனைத்தும் புற்றின் அறிகுறிகளே என அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மருத்துவரே அதனை உறுதிசெய்தல் வேண்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். அவற்றுள் முதலில் நிற்பவர் நோயாளியே. அவர் வாய் திறந்தால்தான் ஏனைய மூன்றும் செயற்படும். அவரைக் கூச்சமின்றிப் பேசவைப்பது உடனிருக்கும் நம் கடமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, அங்குச் செய்யப்படும் நோய் கண்டறியும் சோதனைகளைப் பட்டியலிடுக.
2. ‘நோயை மறைத்தல் நாணம் ஆகாது’ என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாடுக.