பவளப்பாரின் மேல் கேமரா பிடிக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்கு இறங்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மிகவும் மகிழ்ச்சி. உன் கேமரா அங்கே அளவுகோலாகத்தான் இறங்குகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதே.

அழகான மான்கொம்புப் பவளம் கண்ணில் பட்டதும் கை தானாக அந்தப் பக்கம் திரும்பும். திருப்பாதே. பாறைமேல் விரித்த அளவு நாடா போகும் வழியில் மணல் வந்தால் மணலைப் படம் எடு. செத்த பவளத்தில் பாசி படர்ந்திருந்தால் அதையும் எடு. கரைக்கு வந்தபின் வீடியோவைச் சீரான இடைவெளியில் நிறுத்தி, திரையில் குறித்த புள்ளிகளின் கீழே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுவோம். உயிர்ப்பவளம் இத்தனை சதவீதம் என்ற எண் அப்படித்தான் கிடைக்கிறது. நீ அழகின் பக்கம் சாய்ந்தால் அந்த எண்ணும் பொய்யாக ஏறிவிடும்.

பாறைக்கு அரை மீட்டருக்குள், லென்ஸ் நேர்கீழாகப் பார்க்க, 50 மீட்டர் நாடாவைக் கடக்க ஐந்து நிமிடமாவது ஆகும்படி மெதுவாக நீந்து. காலை வேகமாக அடித்தால் வண்டல் கிளம்பிவிடும். நம் கடலில் அது அடங்க வெகுநேரமாகும். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படகுக்காரரைக் கேட்காமல் இறங்காதே.

நிறத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒரே பவளம் ஓரிடத்தில் பழுப்பாகவும் அடுத்த இடத்தில் வெளிறியும் தெரியும். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பலகையையும் நிற அட்டையையும் முதலில் படம்பிடி. 2016 கோடையில் இங்கே பவளங்கள் வெளுத்தன. வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்தாலும் அதன் சதை இருக்கும். வெப்பம் தணிந்தால் தேறக்கூடும். புதிதாகச் செத்ததும் வெள்ளைதான், ஆனால் அதில் சதை இருக்காது. வீடியோவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே நின்று, நெருங்கிப் பார்த்து, பலகையில் எழுது. கேமராவில் சரியாக விழாத, மேசைப் பவளத்தின் அடியில் இருப்பதும், விரல்நுனி அளவுள்ள குட்டிப் பவளங்களும்கூட உன் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உரியவை.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1990-களில் வீடியோவில் தொடங்கியவர்கள் பிறகு ஸ்டில் படங்களுக்கு மாறினார்கள். கேமரா மாறினாலும் இரும்புக் கம்பி நட்டுக் குறித்த அதே கோடுகளுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். நமக்கு அந்தப் பிடிவாதம் இன்னும் அதிகமாக வேண்டும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டித் தள்ளிய கடல் இது. இங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. வெட்டுவதற்கு முன் அந்தப் பவளப்பார்கள் எப்படி இருந்தன என்பதைப் பெரியவர்களிடம் வாய்மொழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது பெரிய வேதனை.

ஆகவே, வெட்டி ஒட்டாத மூல வீடியோவை அழிக்காதே. தீவு, தளம், நாடா எண், தேதி நான்கும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். இரண்டு இடங்களில் நகல் எடுத்தபின் கார்டைக் காலி செய். நீ இறங்கும் இடம் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதிக்கு இப்போதே எழுதிவிடு. ஏப்ரலில் தண்ணீர் சூடேறுமுன் முதல் சுற்றை முடித்தால், கோடையிலேயே அதே கோட்டில் மறுபடி இறங்கலாம்.

அன்புடன்,
அண்ணன்