பாரதியாரின் நாற்பது நூல்கள்

நூலை எழுதி முடித்தலோடு ஆசிரியன் கடமை தீர்ந்துவிடுவதில்லை. படிப்போரைத் தேடி அடைதலும் அவன் தொழிலேயாம். இதனை நன்குணர்ந்தவர் பாரதியார்.

1918ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர்ச் சிறையினின்று மீண்ட அவர், திருநெல்வேலிச் சீமையில் மலையடிவாரத்தில் உள்ள கடையத்திற்குச் சென்றார். அது அவர்தம் மனைவியார் செல்லம்மாளின் ஊர். அப்போது அவரிடம் பொருள் இல்லை. அச்சேறாத எழுத்துகளோ மிகுதியாக இருந்தன.

1920ஆம் ஆண்டில் அவர் அன்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட எண்ணினார். ஆக 4 இலட்சம் படிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை எளிய விலையில் வீடுதோறும் புகவேண்டும் என்பது அவர் விருப்பம். அச்சுச் செலவிற்கு அவர் நன்கொடை வேண்டவில்லை. வட்டியுடன் திருப்பித் தருவதாகக் கூறிக் கடனே கேட்டார்.

வேண்டிய பொருள் சேரவில்லை. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். 1949ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவருடைய நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அதனை மக்கள் யாவர்க்கும் பொதுவாக்கிற்று. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பல்கின. கடையத்தில் கவிஞர் கண்ட கனவு இவ்வாறு காலந்தாழ்த்து நனவாயிற்று. ஏழையின் கைக்கும் எட்டும் நூலே நாடெங்கும் பரவும் என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.