அடிக்கடி சிறுநீர் வருகிறதா?

பகலும் இரவுமாக 6 முதல் 8 முறை போவது பெரும்பாலோருக்கு இயல்பு. அதைத் தாண்டினால் பலர் செய்வது தண்ணீரைக் குறைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காரணம் சர்க்கரை நோயாக இருக்கலாம்.

ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மி.கி.யைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுதாகத் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை, கூடவே உடம்பின் நீரையும் இழுத்துச் செல்கிறது. தீராத தாகம் அதனால்தான். தாகத்தோடு அசதியும் எடைக்குறைவும் சேர்ந்தால் தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

மது வேறு வழியில் வேலை செய்கிறது. நீரைச் சேமிக்கச் சொல்லும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை அது அடக்கிவிடுகிறது. மறுநாள் நாக்கு வறண்டு தலை வலிப்பதில் இதற்கும் பங்குண்டு. பீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்பதை நம்பவே வேண்டாம்.

எரிச்சலோடு சொட்டுச் சொட்டாக வந்தால் நீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். 50 வயது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், கர்ப்பிணிகளுக்குக் கருப்பையின் அழுத்தம், சிலருக்கு காபி, டீ. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் நீரை வெளியேற்றும். இரவில் போடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று நாள் எத்தனை முறை, எவ்வளவு என்று குறித்து எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலும் விலா வலியும் இருந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.