பழவேல் பேணல்: ஓர் ஆய்வு

முன்னுரை

பழந்தமிழர் படைக்கலங்களுள் வேல் தலையாயது. அதனை வடித்தலும் பேணலும் பழுது நீக்கலும் அவர்கள் அறிந்த கலைகளே. அத்தகு வேல்கள் இன்று மண்ணிலிருந்து துருவேறி வெளிப்படுங்கால் எங்ஙனம் போற்றத்தக்கன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியச் சான்று

புறநானூற்று 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்களையும் அதியமானின் படைக்கலங்களையும் ஒப்பிடுகின்றார். முன்னவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் இருக்கின்றன. பின்னவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. வீரம் பேசும் இப்பாடலில் தொழில்நுட்பச் செய்திகள் இரண்டு உள. நெய்ப்பூச்சு, ஈரக்காற்று இரும்பைத் தீண்டாமற் காப்பது; சிதைந்த நுனி, கொல்லன் கையால் செப்பம் பெறுவது.

சாவகத்து வழக்கம்

நெய் பூசிப் பேணும் இம்மரபை ஒத்த வழக்கம், மணிமேகலை குறிக்கும் சாவக நாட்டில் இன்றும் உயிருடன் உள்ளது. இன்று ஜாவா எனப்படும் அத்தீவின் முஸ்லிம் குடும்பங்கள் பல, முன்னோரின் வேல்முனைகளையும் கிரிஸ் என்னும் குத்துவாள்களையும் வழிவழியாகப் போற்றுகின்றன. முஹர்ரம் மாதத்தை அவர்கள் 'சூரோ' என்பர். இஃது ஆஷூரா என்பதன் திரிபாகும். அம்மாதத்தில் எலுமிச்சைச் சாற்றால் துருவகற்றி, பாடாணம் கலந்த சாற்றைப் பூசுவர். இரும்பு கருக்க, நிக்கல் கலந்த அடுக்குகள் வெள்ளிபோல் ஒளிரும். இவ்வரி வேலைப்பாடு 'பாமோர்' எனப்படும். கிரிஸ் மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் சிறப்பித்தது.

நம் மண்ணின் வேல்கள்

சாவக வேல் தலைமுறைதோறும் துடைக்கப்பட்டது. ஆதலின் அதன் உள்ளிரும்பு உறுதியானது. நம் வேல்களோ ஈமத்தாழிகளுடன் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புதையுண்டவை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு வேல்கள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. இத்தகு பொருள்களில் இரும்பு முழுதும் துருவாகவே மாறியிருத்தல் கூடும். துருவே வேலின் வடிவைத் தாங்கி நிற்கும். மரக்காம்பின் சுவடும், சுற்றிய துணியின் சுவடும் சிலவேளை அத்துருவில் படிந்திருக்கும். அதனை எலுமிச்சையும் புளியும் உப்புத்தாளும் கொண்டு தேய்ப்பின் வேலும் அழியும்; சான்றும் அழியும்.

அறிவியல் முறை வேறு. முதற்கண் ஊடுகதிர்ப் படம் எடுத்து உள்நிலை அறிவர். பின்னர்த் துருவினுள் ஊறிய குளோரைடு உப்புகளைக் காரக் கரைசலில் வெளியேற்றுவர். நன்கு உலர்த்தி, டானிக் அமிலம் பூசி, மெழுகால் காப்பிடுவர்.

கிடந்த இடத்தின் சிறப்பு

சிவகளை இரும்பின் காலம் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025இல் அறிவித்தது. அக்காலத்தை உணர்த்தியது இரும்பன்று. உடன் கிடந்த கரித்துண்டே. ஆகவே, இடம்பெயர்த்து அலமாரியில் வைக்கப்பட்ட வேல் தன் வரலாற்றை இழந்த வேலாகும்.

1863இல் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் கலைக்கப்பட்டபோது, சிலவே சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை உடைத்து விற்கப்பட்டன. இவ்விழப்பு மீண்டும் நிகழலாகாது.

முடிவுரை

நம் கொடைரோட்டை அடுத்த பகுதிகளும் தொன்மை மிக்கவை. நிலக்கோட்டை வட்டத்துத் தாதப்பட்டியில் தமிழி எழுத்துடைய நடுகல் கிடைத்துள்ளது. கிணறு தோண்டும்போதோ உழும்போதோ இரும்புமுனை கிட்டின், அதனைத் துலக்காமலும் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பாமலும் இடத்தைக் குறித்து வைத்து மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேண்டுவதும் இத்தகு அறிவிப்பையே. முன்னோர் பொருள் நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மாணவர் இதனை உணர்ந்து தத்தம் ஊராருக்கும் உணர்த்துவாராக.