வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை!

பெயரில்தான் வேர் இருக்கிறது. முசிறியில் ஆற்றோரம் வாழையும் நெல்லும் என்றால், வடக்கே தா.பேட்டை பக்கம் மேட்டு நிலத்தில் மானாவாரியாகக் கடலை போடுவார்கள். ஆடிப்பட்டத்தில் விதைத்து ஒரு மாதம் கழித்து அந்தக் காட்டுப்பக்கம் போய்ப் பாருங்கள். செடியில் மஞ்சள் பூ இருக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று கீழே இறங்கும். அதற்கு விழுது என்று பெயர். அது மண்ணுக்குள் போன பிறகுதான் நுனி பருத்துக் காயாகிறது. பூ வெளியே, காய் உள்ளே!

மண்ணுக்குள் வளரும் காய், தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து தானே நேரடியாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்து பத்தாவிட்டால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்குதான் மிஞ்சும். அதனால்தான் விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். மானாவாரி என்றால் மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்துப் போடணும். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறினால் காய்தான் போகும். விதை இருப்பு, மானியத் திட்டங்கள், சந்தை விலை எல்லாம் 'உழவன்' செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். தோலுடன் கூடிய நிலக்கடலைக்கு மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். வியாபாரி விலை சொல்லும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், கடலை உண்மையில் கொட்டை வகையே இல்லை. துவரை, உளுந்துக்குச் சொந்தக்காரன். பிறந்த இடம் தென் அமெரிக்கா. முந்திரியும் அந்தப் பக்கம்தான். பிரேசிலில் இருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இன்று பண்ருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண்ணில் நன்றாக நிற்கிறது. அதன் கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும். ஓட்டில் இருக்கும் பால் தோலைப் புண்ணாக்கிவிடும், பச்சையாக உடைத்துப் பார்க்காதீர்கள்.

பாதாமுக்கும் அக்ரூட்டுக்கும் குளிர் வேண்டும். நம் நாட்டில் காஷ்மீரில் விளைகின்றன. கடைக்கு வரும் பாதாமில் பெரும்பகுதி கலிபோர்னியாவுடையது. நம்ம தெருவில் அகன்ற இலையோடு நிற்கும் 'பாதாம் மரம்' வேறு குடும்பம். பிஸ்தா ஈரான், அமெரிக்கா, துருக்கியிலிருந்து வருகிறது. விலை ஏன் எட்டவில்லை என்பது இப்போது புரியும்.

கடைசியாக, வாங்கிச் சாப்பிடும் நமக்கு. ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் கருத்த, சுருங்கிய, கசக்கும் பருப்பைக் குழந்தைக்குக் கொடுக்கும் பொட்டலத்தில் கண்டால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடச் சொல்லுங்கள்.