வெளிக்களப் பொழுதுபோக்குப் பயணம் ஒன்றைத் திட்டமிடல்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும்
க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை வழிகாட்டி

ஓய்வு நேரத்தைத் திறந்த வெளியில், இயற்கையோடு இணைந்து, பயனும் மகிழ்ச்சியும் தரும் வகையில் கழிப்பதே வெளிக்களப் பொழுதுபோக்கு ஆகும். நடைப்பயணம், முகாமிடல், மலையேறுதல், பறவைகளை அவதானித்தல் என்பன இதில் அடங்கும். பரீட்சையில் இவ்விடயம் பெரும்பாலும் ஒரு சூழ்நிலையாகவே தரப்படும். எனவே பட்டியல்களை மனனம் செய்வதைவிட, ஓர் உண்மையான இடத்தை எடுத்து முழுத் திட்டத்தையும் படிப்படியாகத் தயாரித்துப் பார்ப்பது நன்று. நுவரெலியாவிலுள்ள ஒரு பாடசாலையின் 40 பேர் கொண்ட குழு, ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்கு ஒருநாள் நடைப்பயணம் செல்வதாகக் கொண்டு நோக்குவோம்.

1. இடத்தை அறிந்து கொள்ளல்

திட்டமிடலின் முதற்படி தகவல் திரட்டலாகும்.

• ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ளது. 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.
• பூங்காவை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நிருவகிக்கின்றது. அனுமதிச்சீட்டு, திறக்கும் நேரம், பாதை மூடப்பட்டுள்ளதா என்பவற்றை முன்கூட்டியே அங்கு விசாரித்தல் வேண்டும்.
• சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றி வரும் நடைபாதை ஏறத்தாழ 9 கி.மீ. நீளமானது.
• உலக முடிவில் செங்குத்துச் சரிவு ஏறத்தாழ 870 மீற்றர் ஆகும்.

வெப்பநிலையையும் கணித்தறியலாம். ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5°C குறையும். கொழும்பில் 30°C எனின், 2100 மீற்றர் உயரத்தில்:

30 − (6.5 × 2.1) = ஏறத்தாழ 16°C

இது பகல் வேளைக்குரிய மதிப்பீடு. அதிகாலையில் இதைவிட மிகவும் குளிராக இருக்கும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் புற்களின் மீது உறைபனி படிவதும் உண்டு. “கம்பளி ஆடை கொண்டு செல்ல வேண்டும்” என்ற விடைக்குரிய காரணம் இதுவே.

2. காலத்தையும் நேரத்தையும் தீர்மானித்தல்

சனவரி முதல் மார்ச் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவாதலால் இக்காலம் உகந்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் காற்றும் மழையும் கடுமையாக இருக்கும். பருவக்காற்று இடைக்காலங்களில் பிற்பகலில் இடிமின்னல் ஏற்படலாம். மேலும் காலை 10 மணியளவில் உலக முடிவை மூடுபனி மறைத்துவிடுவது வழக்கம். ஆகவே அதிகாலைப் பயணமே பொருத்தமானது.

நடப்பதற்கு எடுக்கும் நேரத்தை மதிப்பிட மலையேறுவோர் பயன்படுத்தும் எளிய விதி: 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணித்தியாலம். அதனுடன் 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் 1 மணித்தியாலம். மொத்த ஏற்றம் 150 மீற்றர் எனக் கொண்டால்:

9 கி.மீ. நடக்க = 108 நிமிடம்
150 மீற்றர் ஏற = 15 நிமிடம்
மொத்தம் = 123 நிமிடம் (ஏறத்தாழ 2 மணித்தியாலம்)

இது இடைவிடாது நடக்கும் பழகிய ஒருவருக்கு உரியது. 40 பேர் கொண்ட குழு மெதுவாக நடப்பவரின் வேகத்திலேயே செல்ல முடியும். ஓய்வு, அவதானிப்பு என்பவற்றையும் சேர்த்து இருமடங்கு நேரம், அதாவது 4 மணித்தியாலம் ஒதுக்குதல் வேண்டும்.

மாதிரி நேர அட்டவணை

மு.ப. 5.00 – பாடசாலையிலிருந்து புறப்படல்
மு.ப. 6.30 – பூங்காவை அடைதல், அனுமதி பெறல், உடல் உளர்த்தல்
மு.ப. 7.00 – நடைப்பயணம் ஆரம்பம்
மு.ப. 8.30 – உலக முடிவு, ஓய்வு, சிற்றுண்டி
மு.ப. 9.00 – பேக்கர் நீர்வீழ்ச்சியை நோக்கிப் புறப்படல்
மு.ப. 10.00 – பேக்கர் நீர்வீழ்ச்சி
மு.ப. 11.00 – ஆரம்ப இடத்தை வந்தடைதல்

“மு.ப. 9.00 மணிக்குள் உலக முடிவை அடையாவிடின் வந்த வழியே திரும்புவோம்” என்பது போன்ற ஒரு முடிவை முன்னரே எடுத்து வைத்தல் அவசியம். களைப்பும் ஆவலும் கூடிய வேளையில் இத்தகைய முடிவைச் சரியாக எடுப்பது கடினம்.

3. அனுமதியும் செலவும்

அதிபரின் அனுமதி, பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம், ஒவ்வொரு மாணவரினதும் நோய் பற்றிய விபரம் (ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை) என்பன பெறப்படல் வேண்டும். குளிர் காற்று ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். எனவே அந்நோயுள்ளவர் தமது மருந்தைக் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

செலவு இருவகைப்படும். அனுமதிச்சீட்டு, உணவு என்பன ஆளுக்கேற்ப மாறுபவை. பஸ் கட்டணம் மாறாதது. உதாரணமாக, பஸ் கட்டணம் ரூபா 30 000 எனின் 40 பேருக்கு ஒருவரின் பங்கு ரூபா 750. ஐவர் வராவிடின் அது ஏறத்தாழ ரூபா 857 ஆகும். ஆகவே இறுதி எண்ணிக்கையை உறுதி செய்த பின்னரே பணம் அறவிடுதல் நன்று. பணம் செலுத்த இயலாத மாணவர் ஒருவர் அக்காரணத்தால் வீட்டில் நிற்கும்படி நேரக் கூடாது. சேமிப்புத் திட்டம், பழைய மாணவர் உதவி போன்ற வழிகளை இரண்டு மாதங்களுக்கு முன்னரே ஆராய்தல் திட்டமிடலின் ஒரு பகுதியாகும்.

4. பொறுப்புகளைப் பகிர்தல்

• முன்னணித் தலைவர் – பாதையையும் வேகத்தையும் தீர்மானிப்பவர். இவரை எவரும் முந்திச் செல்லலாகாது.
• பின்னணித் தலைவர் – கடைசியாக வருபவர். எவரும் இவருக்குப் பின்னால் நிற்கலாகாது.
• முதலுதவிப் பொறுப்பாளர் – குழுவின் நடுவில் செல்பவர்.
• சோடி முறை – இருவர் இருவராக ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளல்.

ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஆட்களை எண்ணிப் பார்த்த பின்னரே புறப்படல் வேண்டும்.

5. கொண்டு செல்ல வேண்டியவை

கம்பளி ஆடை, மழை அங்கி, பிடிமானமுள்ள சப்பாத்து, தொப்பி, மீளப் பயன்படுத்தும் போத்தலில் நீர், விசில், மாற்றுடை, முதலுதவிப் பெட்டி. உணவை மூடியுள்ள பெட்டியில் எடுத்துச் செல்க. பொலித்தீன் பைகளும் உறைகளும் நுழைவாயிலில் சோதித்து அகற்றப்படும்.

6. ஆபத்துகளும் முன்னாயத்தமும்

• சரிவில் விழுதல்: விளிம்பை நெருங்காதிருத்தல், அங்கு தள்ளி விளையாடுவதையும் விளிம்பில் நின்று படமெடுப்பதையும் தவிர்த்தல்.
• உடல் வெப்பநிலை 35°C இலும் குறைதல்: நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் இதன் அறிகுறிகள். ஈர ஆடையை அகற்றி, உலர்ந்த ஆடையால் போர்த்தி, நினைவு தெளிவாக இருப்பின் சூடான இனிப்புப் பானம் கொடுத்தல்.
• சுளுக்கு: ஓய்வு, குளிர் ஒத்தடம், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல்.
• மின்னல்: தனி மரத்தின் கீழ் ஒதுங்காது, திறந்த மேட்டை விட்டு அகன்று, இயலுமெனின் வாகனத்தினுள் செல்லல்.
• வழி தவறுதல்: அலையாமல் நின்ற இடத்திலேயே நின்று, முன்னரே தீர்மானித்தபடி விசில் ஊதுதல்.
• நீரில் மூழ்குதல்: நீர்வீழ்ச்சித் தடாகத்தில் இறங்காதிருத்தல்.

அவசர வேளையில் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கலாம். ஆயினும் நடைபாதையின் உள்ளே வாகனம் வர முடியாது. தொலைபேசித் தொடர்பும் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே முதலுதவி அறிந்தவர் குழுவில் இருத்தல் இன்றியமையாதது.

7. சூழலைப் பாதுகாத்தல்

மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் வழங்கும் கிளையாறுகள் இச்சமவெளியில் ஊற்றெடுக்கின்றன. இங்கு வீசப்படும் குப்பை கீழே வாழ்வோரின் குடிநீரைச் சென்றடையும். மரைகளுக்கு உணவூட்டலாகாது. மனித உணவுக்குப் பழகிய விலங்கு அதனுடன் பொலித்தீனையும் விழுங்கும். தீ மூட்டலும் செடி பிடுங்கலும் ஒலிபெருக்கி பயன்படுத்தலும் முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும்.

மாதிரி வினா

உமது வகுப்பு ஹோட்டன் சமவெளிக்கு நடைப்பயணம் செல்லவுள்ளது.
(அ) அதிகாலையில் பயணத்தை ஆரம்பிப்பதற்கான இரண்டு காரணங்கள் தருக.
(ஆ) பின்னணித் தலைவரின் பணியை விளக்குக.
(இ) மழையில் நனைந்த மாணவி ஒருவர் நடுங்கியவாறு குழறிப் பேசுகிறார். நீர் செய்வது யாது?

விடைக் குறிப்பு

(அ) மூடுபனி சூழுமுன் காட்சியைப் பார்க்கலாம். பிற்பகல் மழை, மின்னலுக்கு முன் திரும்பலாம்.
(ஆ) எவரும் பின்தங்கி வழிதவறாது பார்த்தல், களைத்தவரை இனங்கண்டு முன்னணித் தலைவருக்கு அறிவித்தல்.
(இ) உடல் வெப்பநிலை குறைந்துள்ளது என இனங்காணல், குழுவை நிறுத்தல், காற்றுப்படாத இடத்தில் ஈர ஆடையை மாற்றிப் போர்த்தல், நினைவு தெளிவெனின் சூடான இனிப்புப் பானம் கொடுத்தல், உதவி கோரல். தனியே விடலாகாது.

கவனிக்க: “கவனமாக இருத்தல்”, “பாதுகாப்பாகச் செல்லல்” போன்ற பொதுவான விடைகளைத் தவிர்க்குக. என்ன செய்வீர், ஏன் செய்வீர் என்ற இரண்டையும் எழுதுக.

செயற்பாடு: உமது ஊருக்கு அண்மையிலுள்ள பூங்கா, கடற்கரை அல்லது குளக்கரை ஒன்றைத் தெரிவு செய்து, மேற்கூறிய ஏழு தலைப்புகளின் கீழ் ஒரு திட்டம் தயாரித்து ஆசிரியரிடம் காட்டுக.